கடல் நீலக் காரின் குறைகள்

கண் பரிசோதனைக்குப் புது மெஷின் வாங்குவதாகச் சொல்லிக் காலையில் கிளம்பிப் போன மனிதர், மத்தியானம் சுவீடன் நாட்டுக் காரில் வந்து இறங்கினார். அந்தக் கூத்து நடந்து மூன்று மாதமாகிவிட்டது. மெஷின் என்ற சொல் அன்றோடு அந்த வீட்டில் செத்துப்போனது. கார் என்ற சொல்தான் சாகமாட்டேன் என்கிறது.

இன்று அதே காரில் பேரன் வீட்டுக்கு வரப்போகிறான். மகளுக்கு இந்த வாரம்தான் பையன் பிறந்தான். மருமகன் கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டதோடு அவர் பங்கு முடிந்தது. ஆகவே பேரனை அழைத்து வரும் பொறுப்பு, பெருமை, பேச்சு எல்லாவற்றையும் தாத்தாவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாட்டியானவளுக்குத் தலையில் எதையும் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துப் படுத்து இடுப்பு பலகையாகிவிட்டது. குளித்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கண்ணாடிக் கடையைத் திறக்கலாம் என்று வீட்டுக்கு வந்தவளை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பிடித்துக்கொண்டார்.

“சீட்டைப் பத்திச் சொன்னேனா?”

“சொன்னீங்க.”

“முதுகை அப்படியே தாங்கிப் பிடிக்குது. எவனோ ஒரு சுவீடன்காரன் என் முதுகைப் பார்த்து அளவெடுத்த மாதிரி.”

“அதையும் சொன்னீங்க.”

“கதவைச் சாத்தினா ‘டப்’னு ஒரு சத்தம் வருது பாரு, அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.”

கொடுத்தாகிவிட்டதே என்று வாய்வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“காலை லேசா வச்சாப் போதும். முதுகு சீட்டுல ஒட்டிக்கும். சிக்னல்ல நிக்கிற அத்தனை பேரும் நம்மையே பார்ப்பான்.” இந்த இடத்தில் அவர் நிறுத்தினார். முகம் மாறியது. “ஆனா...”

இந்த ‘ஆனா’வுக்குத்தான் அவள் பயந்தாள். பெருமை அரை டம்ளர் டீயில் முடிந்துவிடும். குறைகளுக்கு ஒரு கெட்டில் வேண்டும்.

“ஸ்பீடு காட்டுற நம்பரை எறும்பு சைஸ்ல வச்சிருக்கான். பின்னாடி பார்க்கிற கேமரா, ஏதோ ஆவி பிடிச்ச மாதிரி இருக்கு. அப்புறம் அந்தப் பாழாப்போன பீப் பீப்! நான் பாட்டுக்கு நேரா போயிட்டிருப்பேன், கோட்டைத் தாண்டிட்டேன்னு கத்தும். ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கும். இருபது வயசுலேர்ந்து வண்டி ஓட்டுறேன். எனக்குப் பாடம் எடுக்குது!”

“சர்வீஸ்ல என்ன சொன்னாங்க?”

“மூணு தடவை விட்டாச்சு. குறை ஒண்ணும் இல்லையாம். ஓட்டிப் பார்த்தானாம், நல்லா இருக்காம். கத்துக்குட்டிப் பசங்க.”

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடிந்து, மாடி போர்ஷனில் கொஞ்சம் தூங்கி எழுந்து, அக்கா வீட்டு டீக்கு இறங்கி வருகிறான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். வாய் அதைவிட நீளம்.

“என்ன மாமா, இன்னிக்குக் கச்சேரி சீட்டா, பீப்பா?”

“வா மச்சான். உனக்கென்ன தெரியும்? நீ இரும்புப் பெட்டியைத் தூக்கி இரும்புப் பெட்டி மேல வைக்கிறவன். இது ஸ்போர்ட்ஸ் கார்.”

“தெரியும் மாமா. போன மாசம் பின் சீட்டுல உட்கார வச்சீங்களே. முழங்கால் ரெண்டும் காதுக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஏறினேனா, குழியில இறங்கினேனான்னே தெரியல.” அக்காவின் பக்கம் திரும்பினான். “சாயங்காலம் என் வேன் சும்மாதான் நிக்குது. குழந்தையை அதுல கூட்டிட்டு வந்துடலாமா?”

அவர் டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் டீ துள்ளியது.

“உன் வேன்லயா? என் பேரனா? மீன் கூடை ஏத்துற வண்டியிலயா?”

“ஒரே ஒரு தடவைதான் மாமா மீன் ஏத்தினேன்.”

“உலகத்துலயே பத்திரமான காரை வாங்கி வாசல்ல நிறுத்தியிருக்கேன். ஆஸ்பத்திரியில நர்ஸ், வாட்ச்மேன், பக்கத்துக் கட்டில்காரி எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. சாயங்காலம் நான் ஓட்டுறேன். பின்னாடி குழந்தை சீட் மாட்டியாச்சு. பேச்சு முடிஞ்சுது.”

பேச்சு முடிந்தது என்று அவர் சொன்னால் இன்னும் கால் மணி நேரம் பேசுவார் என்று அர்த்தம். அவள் எழுந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, வீட்டை ஒட்டியிருந்த கடைக்கு நடந்தாள்.

*

கடை என்பது ஒரு நீள அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் அவர்; கண்ணாடி அலமாரி, வெல்வெட் தட்டு, வரிசை வரிசையாகப் பிரேம்கள். தடுப்புக்குப் பின்னால் அவள். சுழல் நாற்காலி, லென்ஸ் பெட்டி, எழுத்து அட்டை, அதைப் பிரதிபலிக்க எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான். அவள் கண்ணைப் பார்ப்பாள், அவர் மூக்கைப் பார்ப்பார். எந்த மூக்குக்கு எந்தப் பிரேம் என்று சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

அதற்காகவே தினமும் ஒரு பிரேம் போட்டுக்கொண்டு நிற்பார். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. “எனக்கு அம்பத்தெட்டு சார். இன்னிக்கு வரைக்கும் பவர் கிடையாது. இது சும்மா அழகுக்கு” என்று வருகிறவர்களிடம் கழற்றிக் காட்டுவார். அவரைவிடப் பத்து வயது சின்னவர்கள் கூனிக் குறுகி, விலை கூடின பிரேமை எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் தம்பி அவருக்கு ‘ஷோகேஸ்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அன்று முதலில் வந்தவர் ரிட்டையரான வாத்தியார். நாற்காலியில் உட்காரும்போதே ஆரம்பித்தார்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. பையன் சொன்னானேன்னு வந்தேன். எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அந்தப் பெயின்டர் மேலதான்.”

“ஏன் சார்?”

“வீட்டுக்கு வெள்ளை அடிடான்னா, சந்தனக் கலர் அடிச்சிட்டுப் போயிருக்கான். கேட்டா வெள்ளைதான்னு சாதிக்கிறான். பையனும் அவன் பக்கம் பேசுறான்.”

அவள் சின்ன டார்ச்சைக் கையில் எடுத்தாள். இந்த மாதிரிப் பெயின்டர்களை அவளுக்கு நிறையவே தெரியும். வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்கும் சலவைக்காரர்கள், மங்கலாகப் படம் காட்டும் டி.வி.க்காரர்கள், எழுத்தைச் சின்னதாக்கிவிட்ட பத்திரிகைக்காரர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரில் அத்தனை பேரும் மோசடிக்காரர்கள். கண் மட்டும் யோக்கியம்.

“ராத்திரி வெளியில போவீங்களா சார்?”

“எங்கம்மா போறது? எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை மூஞ்சியிலயே அடிக்கிறான். வெளிச்சம் அப்படியே பூ மாதிரி விரிஞ்சு...”

“பூ மாதிரி விரியுது சார்!” என்றது இன்னொரு குரல்.

அவள் கை நின்றது.

குரல் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் வீட்டுக்காரர் யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கையில் பிரேமோடு நிறுத்திவைத்திருந்தார். “முன் கண்ணாடி சரியில்ல. சுவீடன்லேர்ந்து வந்தா மட்டும் போதுமா? எதிர் வண்டி லைட் பட்டா சிதறுது. அதை விடுங்க, கலரைப் பாருங்க. கடல் நீலம்னு சொல்லித்தான் வாங்கினேன். மூணு மாசத்துல சேறு மாதிரி ஆயிடுச்சு. என்ன பெயின்ட்டோ!”

தடுப்புக்கு இந்தப் பக்கம் வாத்தியார் தலையாட்டினார். “பார்த்தீங்களா? அவரும் அதையேதான் சொல்றாரு. பெயின்ட் கம்பெனிக்காரனுங்க எல்லாருமே திருடனுங்கம்மா.”

அவள் டார்ச்சை அணைத்தாள். திரைச்சீலையை விலக்கி, கடை வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

காலை வெயிலில் கார் நின்றது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். கை வைத்தால் ஈரமாகிவிடும் போல.

மூன்று மாதமாகக் காது புளிக்கக் கேட்டவள் அவள். எறும்பு சைஸ் நம்பர். ஆவி பிடித்த கேமரா. கோடு. வெளிச்சம். கலர். முன்பின் தெரியாதவர்கள் ஒரே ஒரு குறையைச் சொன்னாலே புரிந்துகொண்டு டார்ச்சை எடுக்கிறவள். வீட்டில் ஒரு மனிதர் டீ டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பித்தபோது, இந்தக் காரைப் பற்றிப் பேச்சை எப்போது நிறுத்துவார் என்று மட்டும்தான் காத்திருந்தாள்.

அவளுக்குத் திடீரென்று ரொம்ப அசதியாக இருந்தது.

வாத்தியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெயின்டரை மன்னித்துவிடச் சொல்லி, டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாள். அப்புறம் எழுத்து அட்டையைக் கழற்றி மறுபக்கம் திருப்பி மாட்டினாள். அந்தப் பக்கம் எழுத்து கிடையாது. எண்கள் மட்டும்தான்.

*

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம்.

“ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. இந்த நாற்காலியில உட்காருங்க.”

“எதுக்கு?”

“ரொம்ப நாளாச்சு உங்க கண்ணைப் பார்த்து.”

“என் கண்ணுக்கு என்ன? சிக்ஸ் பை சிக்ஸ். போன வருஷமும் நீதானே பார்த்தே?”

பார்த்தாள்தான். வெளியே நாலு பேர் காத்திருக்க, நின்றபடியே படித்துக் காட்டிவிட்டுப் போனார். அதற்கு முந்தின வருஷமும் அப்படியே.

அவர் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இன்று போட்டிருந்த பழுப்பு நிறப் பிரேமைக் கழற்றி ஸ்டைலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மேல் வரிசையெல்லாம் எனக்கு எதுக்கு? நேரா கடைசி வரிசைக்கே போறேன். கேட்டுக்கோ. ர, க, ம, ட, ல, ப, ச. போதுமா? அதுக்கு மேல் வரிசை, ப, ல, ர, ன, த, க.”

ஒரு தடங்கல் இல்லை. குரலில் ஒரு கம்பீரம் வேறு. அவள் எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஏழும் மூன்றும் எட்டும் ஒன்பதும் வரிசையாக நின்றன.

“என்ன பேச்சே காணோம்? அசந்துட்டியா?”

“ஏங்க.” அவர் பக்கம் திரும்பினாள். “இன்னிக்கு எண் அட்டை மாட்டியிருக்கேன்.”

பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரை இழுத்து விடும் சத்தம் கேட்டது. அவர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

“பழக்க தோஷம்” என்றார் கடைசியில். “எத்தனை வருஷமா காதுல விழுந்துக்கிட்டே இருக்கு.”

“மேல ஒரே ஒரு எண் இருக்கு. பெருசா. என்னதுன்னு சொல்லுங்க.”

அவர் கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு” என்றார். பிறகு, “எட்டு.”

அது ஐந்து.

அவள் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடித்தாள். வலது கண்ணின் கறுப்பு வட்டத்துக்குள் தேயிலைச் சாயம் கலந்த பால் போல ஒன்று. இடது கண் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக ஒரே தலையணைப் பக்கம். இந்தக் கண்களை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், பாத்திரம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்கும்போதும், விளக்கை அணையுங்கள் என்று சொல்லும்போதும்.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா.”

“தெரிஞ்சேதான் கார் வாங்கினீங்களா?”

“தெரியும்னு இல்ல.” சட்டைப் பையிலிருந்த பிரேமை எடுத்தார், விரித்தார், மறுபடி மடித்தார். “புது வண்டின்னா எல்லாம் பளிச்சுனு தெரியும்னு நெனச்சேன். ஷோரூம்ல நல்லாத்தான் தெரிஞ்சுது. அங்க லைட் நிறைய.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாதா? தினம் நாலு பேரை ஆபரேஷனுக்கு அனுப்புறோம். ‘பத்து நிமிஷ வேலை சார், எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது’ன்னு நீங்கதானே முதுகுல தட்டி அனுப்புறீங்க?”

“அது அவங்க கண்ணு.”

அதில் வேடிக்கை எதுவும் இல்லை என்பதுபோல அவர் சொன்னார். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே தைரியம் சொன்ன வாய் தன் கண்ணை நோக்கி ஊசி வரும் என்றதும் இரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

“சரி. அதை அப்புறம் பேசலாம். கார் சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“சாயங்காலம் தம்பி ஓட்டட்டும்.”

அவர் எழுந்தே விட்டார். “அவனா? அவன்கிட்டயா? ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவான். வேண்டாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும். வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டு வந்துடுவேன். நாளைக்கு நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

“பச்சைக் குழந்தைங்க அது. நம்ம பொண்ணு பெத்துப் போட்ட உடம்போட பின்னாடி உட்கார்ந்திருப்பா. குடுங்க.”

“உன் தம்பிக்குச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“சொல்லல. எனக்கு எதையும் சொல்லத் தெம்பில்ல. சாவி.”

“வீட்டுல இருக்கு. தர்றேன்” என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் தொலைபேசி அடித்தது.

மகள்தான். “அம்மா, பெரிய டாக்டர் இன்னும் வரல. அஞ்சரைக்குத்தான் விடுவாங்களாம். இங்க வானம் கறுத்துக்கிட்டு வருது. அப்பாவைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லு.”

*

மழை நாலரைக்கே பிடித்துக்கொண்டது. தெருவிளக்குகளை வேளைக்கு முன்னாலேயே போட்டார்கள்.

அவள் ஒரு பெண்ணின் கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி மாற்றிக்கொண்டிருந்தாள். கையில் குட்டி ஸ்க்ரூ டிரைவர். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. அவரே மூன்று மாதமாகக் காதில் ஓதி ஓதிப் பழக்கிவிட்ட சத்தம்.

‘டப்.’

வாசலுக்கு ஓடினாள். மழைக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தன. அவருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் பாதி வேலை முடிந்த கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்தாள். அவள் போட்ட சத்தத்தில் தம்பி லுங்கியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“வேனை எடு. ஆஸ்பத்திரி ரோடு. கேள்வி கேட்காத.”

“மாமாதான் போயிட்டாரே, நாம எதுக்கு...”

“கேள்வி கேட்காதன்னு சொன்னேன்ல?”

வேனில் மீன் வாசம் இன்னும் போகவில்லை. வைப்பர் ஒன்றுதான் ஓடியது. தம்பி கேள்வி கேட்கவில்லை. அது அவனுக்குக் கிரேன் ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை என்பது அவன் தாடை அசைவதிலேயே தெரிந்தது. அவள் சீட்டு நுனியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தாள். எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் ஒற்றை விளக்காகத்தான் தெரிந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பார்த்தாள். பூ. பூ மேல் பூ. பூக்களுக்கு நடுவில் எங்கேயோ ஒரு ரோடு.

மேம்பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் ஓரமாகக் கார் நின்றது. நாலு விளக்கும் துடித்துக்கொண்டிருந்தன.

“நீ இங்கேயே இரு” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். நனைந்துகொண்டே போய் முன் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். குழியில் இறங்குவது போலத்தான் இருந்தது.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி அணைந்திருந்தது. எதிரே திரையில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் ஒளிர்ந்தது; ஓய்வெடுக்கச் சொல்கிறது.

“ஒரு ஆள்” என்றார் அவர். “மேம்பாலம் இறங்கினதும், பஸ் ஸ்டாப் கிட்ட. ரோட்டைத் தாண்டினான். நான் பார்க்கல.”

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“வண்டிதான் பார்த்துச்சு. தானாவே பிரேக் போட்டுடுச்சு. தலை முன்னால போய் இடிச்ச மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அப்புறம்தான் ஒரு குடை தெரிஞ்சுது. கறுப்பா. ஒரு முழம். ஒரு முழம் தள்ளி நின்னுச்சு.”

“அவருக்கு?”

“ஒண்ணுமில்ல. திட்டினான். என்னென்னமோ திட்டினான். அப்பனை, ஆத்தாளை எல்லாரையும் இழுத்தான்.” ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “என்னை யாராவது அப்படித் திட்டினா விட்டுருப்பேனா நான்? ஆனா கேட்கக் கேட்க சந்தோஷமா இருந்துச்சு. உசுரோட இருக்கிறவன்தானே திட்டுவான்?”

மழை கூரையில் கொட்டியது. உள்ளே சத்தம் குறைவாகத்தான் கேட்டது. அதுவும் இந்தக் காரின் பெருமைகளில் ஒன்று. அவர் எப்போதோ சொல்லியிருந்தார்.

அவளுக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. தோளில் சாய்ந்து தூங்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. கையை நீட்டினாள்.

அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். நேராக வைக்கத் தெரியாமல், முதலில் அவள் மணிக்கட்டைத் தொட்டு, அப்புறம் கையைக் கண்டுபிடித்து வைத்தார்.

தம்பி வேனைப் பூட்டிவிட்டு வந்து ஓட்டுநர் சீட்டில் தன்னை மூன்றாக மடித்து நுழைத்துக்கொண்டான். மாமா பின் சீட்டுக்குப் போய், குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரியவில்லை; ஏதோ கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

“மாமா.”

“என்ன?”

“இந்த சீட்டை எப்படிப் பின்னாடி தள்றது? முழங்கால் இடிக்குது.”

“இடது... இல்ல, வலது பக்கம், கீழ ஒரு பட்டன் இருக்கும்.” சற்றுப் பொறுத்து, “மெதுவாப் போ மச்சான். காலை லேசா வச்சாப் போதும்” என்றார். அவர் குரலில் மிச்சமிருந்த கம்பீரம் அவ்வளவுதான்.

தம்பி கிண்டல் பண்ணவில்லை. அவள் அதற்காகவே அவனுக்கு ஒரு வருஷம் டீ போட்டுத் தரலாம்.

*

ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் பகல் மாதிரி விளக்கு. மகள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிச்சுருளாகப் பேரன். கொஞ்சம் தள்ளி வாட்ச்மேன் அந்தக் காரைப் பார்ப்பதற்காகவே நின்றிருந்தார்.

“என்ன, மாமா ஓட்டிட்டு வர்றாரு?” மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அப்பா சாவியை யார்கிட்டயும் தரமாட்டாரே!”

அவர் பின் சீட்டிலிருந்து தட்டுத் தடுமாறி இறங்கினார். பழுப்புப் பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார்.

“பின்னாடி உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கிட்டு வர வேண்டாமா? ஓட்டுற வேலையை யார் வேணா செய்வாங்க. தாத்தா வேலையை யாரு செய்யறது?”

வாட்ச்மேன்கூடத் தலையாட்டினார். மகள் சிரித்தாள். அம்மாக்காரி அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டாள். நாளைக்குக் காலையில் டாக்டர். நாளைக்கு மகளிடமும் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்குக் குழந்தை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும். அவள் கேட்டது அதைத்தான். கிடைத்துவிட்டது.

தம்பி பைகளை டிக்கியில் அடுக்கினான். அவர் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு மூக்கு படும் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காருக்கு முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்கு நடந்தாள்.

நடந்தவள் நின்றாள்.

காரின் முன்பக்கக் கிரில் வலையில், நம்பர் பலகைக்குக் கொஞ்சம் மேலே, ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கம்பி. பிடித்து இழுத்தாள். வந்தது. வளைந்த குடைக் கம்பி. நுனியில் கறுப்புத் துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு முழம் தள்ளி நின்றது என்றாரே.

போர்ட்டிகோ வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். நீலத்தில் ஒரு கீறல் இல்லை. சிவப்பாகவும் எதுவும் இல்லை. ஆனால் மழை எவ்வளவு நேரமாகக் கழுவிக்கொண்டிருக்கிறது!

திட்டியவன் குடைக்காரன்தானா? இல்லை, பார்த்துக்கொண்டு நின்ற வேறு யாராவதா?

அவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொய் சொல்கிறவருக்கு நடந்தது என்னவென்று தெரிந்திருக்குமே.

“அக்கா, ஏறு” என்றான் தம்பி.

கம்பியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் குனிந்தாள்.

“நீ இவங்களைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்குப் போ. மெதுவாப் போ. எங்கேயும் நிறுத்தாத.”

“நீ?”

“பின்னாடி வர்றேன்.”

“எங்க போறே?” பின் சீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. அவள் நின்ற பக்கம் இல்லாமல், வேறு பக்கம் பார்த்துக் கேட்டார்.

“ஒரு சின்ன வேலை” என்றாள்.

‘டப்’ என்று அவர் கதவைச் சாத்தினாள். கடல் நீலம் கேட்டைத் தாண்டி ஈரத்தில் மெல்ல இறங்கிப் போனது. அது கண்ணிலிருந்து மறைந்ததும், தெருவில் முதலில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் இருக்குல்ல? அங்க போகணும்” என்றாள். “சீக்கிரம்.”